தங்கச்சிக்குச் சிவப்பு காட்டிய குறி

தம்பி,

நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அம்மா, பிழையைக் கண்டுபிடிச்சிட்டன். ஒரு குறிதான் விடுபட்டிருக்கு. போட்டிட்டன். இப்ப ரெண்டு பேருக்கும் பொருந்துது. பிரச்சினை முடிஞ்சுது" என்று எழுதி, கடைசியில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டிருந்தாய். நான் அப்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டு நின்றேன். அந்த முகத்தைப் பார்த்ததும் வந்த கோபத்தில் மீனை அப்படியே போட்டுவிட்டு வந்து வாசற்படியில் இருந்துவிட்டேன். பிரச்சினை முடிஞ்சுதாம்! உனக்குப் போன் எடுத்தால் "மீற்றிங்கிலை நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நீ ஆறுதலாக இருந்து வாசி. நீ மட்டுமல்ல, நீ செய்த அந்தக் கலியாணப் பொருத்தம் பார்க்கிற இணையப் பக்கத்தை நம்பிப் பிள்ளைகளின் தலைவிதியைத் தீர்மானித்த வீடுகளும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எல்லோர் கண்ணிலும் படும்படி போடுகிறேன். உன் தங்கச்சியிடம் கேட்டுத்தான் போடுகிறேன். "போடுங்கோ அம்மா, என்ரை பெயரையும் போடுங்கோ" என்றாள். மாப்பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். அந்தப் பொடியனுக்கும் ஒரு தாய் இருக்கிறா.

இது தொடங்கியது போன பொங்கலுக்கு நீ கொழும்பிலிருந்து வந்து நின்றபோது. கலியாணத் தரகர் நவரத்தினத்தார் எங்கள் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே புலம்பினார். சாத்திரியாரிடம் சாதகங்களைக் கொடுத்தால் பார்த்து முடிக்க நாட்கள் எடுக்குதாம், வெளிநாட்டுச் சனம் பொறுக்குதில்லையாம். "தம்பி, நீர் கொம்பியூட்டர் படிச்சனீர். உதுக்கு ஒண்டு செய்து தாருமன்" என்றார். நீயும் "உது சின்ன வேலை ஐயா" என்று அவர் முன்னாலேயே கணினியைத் திறந்துவிட்டாய். பைதன் என்ற மொழியில் எழுதுகிறாய் என்றும், எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளைக்கும் அது விளங்கும் என்றும் எனக்குச் சொன்னாய். பிறந்த நாளையும் நேரத்தையும் ஊரையும் கொடுத்தால் கிரகங்கள் நின்ற இடத்தை அதுவே எடுத்து, கணக்குப் பார்த்து, பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு காட்டும். எண்களைக் காட்டினால் சனம் தர்க்கம் பண்ணும் என்று நவரத்தினத்தார் சொல்ல, நீ எண்களை மறைத்து நிறத்தை மட்டும் விட்டாய். எனக்கென்ன தெரியும், கோயிலிலும் சந்தையிலும் "என்ரை மகன் செய்தது" என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். உன் அப்பா மட்டும் பத்திரிகையைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல் "ரோட்டிலை நிக்கிற சிக்னல் லைற் மாதிரிக் கிடக்கு" என்றார். நான் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

வேறு ஊர்க்காரர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது நட்சத்திரப் பொருத்தத்தோடு பாவம் என்று ஒரு கணக்கும் பார்ப்பார்கள். செவ்வாய், சனி, ராகு, கேது என்று ஒவ்வொன்றும் சாதகத்தில் நிற்கிற இடத்துக்குக் கால், அரை வரை கணக்காகப் புள்ளிகள் போட்டுக் கூட்டினால் ஒரு எண் வரும். ஆணின் எண் பெண்ணின் எண்ணுக்குச் சமனாகவோ அதைவிடக் கூடவோ இருக்க வேண்டும். பெண்ணுக்குக் கூடிவிட்டால் புருஷனுக்கு ஆகாதாம். இதுதான் விதி. யார் எழுதினார்கள் என்று கேட்காதே, எழுதியது ஆம்பிளை என்று மட்டும் எனக்கு நல்லாய்த் தெரியும்.

இனி உன் தங்கச்சி கதைக்கு வாறேன். கௌசி உனக்கு விலாவாரியாகச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் கணினி அறைக்குப் புதிதாக வயர் இழுக்கப் பழைய மாணவர்கள் சிலர் வந்தார்கள். அதில் ஒருவர்தான் நான் பிரதீபன் என்று சொல்கிற பொடியன். ஊர் வல்வெட்டித்துறை, வேலை காங்கேசன்துறைத் துறைமுகத்தில் மின்சாரப் பகுதி. வயர் இழுத்து முடிந்த பிறகும் ஏதாவது ஒரு சாட்டில் வந்து போனார். பிறகு போனில் கதைத்தார்கள். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். தாய்க்கு மகளின் நடை காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிறவள், பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வரத் தொடங்கினாள். ஒரு நாள் அவளாகவே வந்து சொன்னாள். "அம்மா, அவையள் வந்து கேக்கப் போயினம். எனக்கு விருப்பம்." இவ்வளவுதான். இருபத்தொன்பது வயதில் அவள் எங்களிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அவர்கள் வந்தார்கள். பிரதீபன், தாய், தகப்பன், நவரத்தினத்தார். கௌசியின் சாதகக் குறிப்பு நாங்கள் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தொலைந்துபோனது, பிறகு யாரும் எழுதி எடுக்கவில்லை. அதனால் நவரத்தினத்தார் தன் போனை எடுத்து, "பொம்பிளையின்ரை அண்ணை செய்ததுதான், வேறை சாத்திரியார் எதுக்கு?" என்று பெருமையாக எல்லாவற்றையும் அடித்தார். நான் பலகாரத் தட்டோடு நின்றேன். போன் சிவப்புக் காட்டியது. நவரத்தினத்தார் திரும்பவும் அடித்தார். திரும்பவும் சிவப்பு. பிரதீபனின் தாய் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாகத்தான் சொன்னா: "கோவியாதேங்கோ அக்கா. கூடப் பிறந்த அண்ணை செய்த புறோகிறாமே பொருந்தாது எண்டு சொல்லுது. பிறகு நாங்கள் என்னெண்டு செய்யிறது?"

கேட்டாயா தம்பி? கூடப் பிறந்த அண்ணை! ஊரில் ஒரு சாத்திரியார் பொருந்தாது என்றிருந்தால் இன்னொருவரிடம் போயிருப்பார்கள். மனம் இருந்தால் பரிகாரம் என்று ஒன்றைச் செய்துவிட்டுக் கலியாணத்தை ஒப்பேற்றியிருப்பார்கள். எங்கள் ஊரில் குறிப்பையே திருத்தி எழுதிக் கட்டிவைத்த கலியாணங்கள் எத்தனை, பேரப்பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இது நீ செய்தது. உன் பெயர்தான் அவள் வாசலில் மறியலாக நின்றது. பிரதீபன் அந்த நேரம் முழுவதும் தன் முன்னால் இருந்த தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. கௌசி கதவோரம் நின்று அவரைத்தான் பார்த்தாள். போனை அவள் பார்க்கவே இல்லை.

அன்று பின்னேரம் உனக்குப் போன் எடுத்தேன். என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது, எனக்கு நினைவிருக்கிறது. "பொருந்தேல்லை எண்டால் விடுங்கோ அம்மா. வேறை பாப்பம்."

உன் தங்கச்சி விடவில்லை. ஆனால் அழுதுகொண்டு படுக்கவும் இல்லை. நீ தந்துவிட்டுப் போன அந்தப் புறோகிறாமை லப்ரொப்பில் திறந்தாள். அவள் உயர்தர மாணவருக்குப் படிப்பிக்கிறதே இதைத்தான். கொஞ்ச நேரத்தில் "அம்மா, இஞ்சை வாங்கோ" என்று கூப்பிட்டாள். நீ மறைத்து வைத்த எண்களை வெளியே கொண்டுவந்திருந்தாள். பிரதீபனுக்கு இருபத்தெட்டே கால். அவளுக்கும் இருபத்தெட்டே கால். இரண்டும் ஒன்று.

"அப்ப ஏன் பிள்ளை சிவப்பு?" என்றேன்.

"உதிலை பாருங்கோ" என்று விரலை வைத்தாள். 'ஆண்பாவம் > பெண்பாவம்' என்று இருந்தது. "இந்தக் குறிக்கு இடப்பக்கம் இருக்கிறது வலப்பக்கத்தை விடப் பெரிசோ எண்டு அர்த்தம். இருபத்தெட்டே கால், இருபத்தெட்டே காலை விடப் பெரிசோ? இல்லைத்தானே. இல்லை எண்டவுடனை பொருந்தாது எண்டு போட்டிடும். அண்ணை இதுக்குப் பக்கத்திலை ஒரு சமன் குறி போட்டிருக்கவேணும். போட்டால் பெரிசோ அல்லது சமனோ எண்டு கேக்கும். என்ரை பிள்ளையளுக்கு முதல் கிழமையே நான் சொல்லிக்குடுக்கிற விஷயம் இது. எல்லையிலை நிக்கிற எண்ணைக் குடுத்துப் பாருங்கோ எண்டு."

அன்றுதான் நானும் அந்தக் குறிகளைப் படித்தேன். வாய் ஒரு பக்கம் திறந்தால் பெரிது, மறுபக்கம் திறந்தால் சிறிது, பக்கத்தில் சமன் வந்தால் சமனும் சேர்த்தி, சமனுக்கு முன்னால் ஆச்சரியக்குறி வந்தால் இரண்டும் வேறு வேறு. ஒரு சமன் மட்டும் போட்டால் "இதுதான்" என்று எழுதி வைக்கிறதாம். இரண்டு சமன் போட்டால்தான் "இதுவா?" என்று கேட்கிறதாம். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சமனாக வந்தால் என்ன செய்வது என்று உனக்குக் கேட்கத் தோன்றவில்லையே! சந்தையில் தராசு சமனாக நின்றால் "நிறை சரி" என்று பையில் போட்டுத் தருவார்கள். நீ மட்டும் என் பிள்ளையைத் திருப்பி அனுப்பினாய். ஆணுக்குக் கூட வரும், பெண்ணுக்குக் கூட வரும், இரண்டையும் யோசித்திருக்கிறாய். ஒரு பெண்ணும் ஆணும் சமனாக வந்து நிற்பார்கள் என்பது உன் மண்டைக்கே வரவில்லை. இதைக் கைதவறிய பிழை என்று நீ சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன். உன்னை வளர்த்த வீடு இது, எங்களுக்கும் அதில் பங்கு இருக்கும். ஆனால் எழுதினது நீ.

"உடனை அவையளுக்குப் போன் எடுத்துச் சொல்லு" என்று கௌசியிடம் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். "நான் சொன்னால் என்ரை கலியாணத்துக்காகத் திருத்தின மாதிரி இருக்கும். அண்ணை சொல்லட்டும். இல்லாட்டில் அவர் வந்து கேக்கட்டும்." அதனால் உனக்கு நான் எடுத்தேன். "பாக்கிறன்" என்றாய். அடுத்த நாள் எடுத்தேன், வேலை கூட என்றாய். அதற்குப் பிறகு எடுத்தபோது உன் கலியாண மண்டப அலுவலாக அலைகிறாய் என்றாய். ஒரு குறி போட உனக்கு மூன்று கிழமை எடுத்தது. அந்த மூன்று கிழமையும் உன் தங்கச்சி ஒவ்வொரு மணியோசைக்கும் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். பிரதீபன் ஒரு தரமும் எடுக்கவில்லை. பாட்டும் நின்றுபோனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கலியாணத்தைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். ஷாமினி வீட்டார் தலைமுறையாகத் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். "அம்மா, அவையளிட்டைக் குறிப்பு எண்டு ஒண்டுமே இல்லை" என்று நீ தயங்கித் தயங்கிச் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "பிள்ளை நல்ல பிள்ளையோ, உனக்கு விருப்பமோ, அது காணும்" என்றேன். அப்பா அடுத்த கிழமையே அவர்கள் வீட்டுக்குப் போய் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். உன்னை யாரும் எந்த எண்ணோடும் வைத்துப் பார்க்கவில்லை. ஷாமினியை வலப்பக்கத்தில் நிறுத்தி அவள் உன்னைவிடக் குறைவோ என்று எந்தப் பக்கத்திலும் அடித்துப் பார்க்கவில்லை. அப்படி விருப்பப்பட்டபடி கட்டுகிற நீ, ஊரில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் சிவப்பும் பச்சையும் செய்து கொடுத்தாய். எனக்கு வருகிற ஆத்திரத்தில் பாதி இதுதான். ஷாமினி இதை வாசித்தால் குறையாக எடுக்க வேண்டாம், அவள் வருவதில் எனக்குச் சந்தோஷம் மட்டும்தான்.

சரி, நீ குறி போட்ட அன்று நடந்ததைக் கேள். உன் செய்தி எனக்கு வந்தபோதே நவரத்தினத்தாருக்கும் போயிருக்கிறது. மனிதர் மோட்டார்சைக்கிளில் வல்வெட்டித்துறைக்குப் பறந்து போய்ப் பச்சையைக் காட்டியிருக்கிறார். மத்தியானமே பிரதீபனின் தாய் எனக்குப் போன் எடுத்தா. "அக்கா, எல்லாம் கடவுள் செயல். இப்ப பொருந்துதாம். உங்கடை மகன்ரை கலியாணம் முடிஞ்ச கையோடை கலியாண எழுத்தை வைப்பமே?" குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. எனக்கும் ஒரு கணம் மனம் இளகியதுதான், மறைக்க மாட்டேன். "பிள்ளையைக் கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

பின்னேரம் பிரதீபனே வந்தார். துறைமுக வேலை உடுப்போடு வெளிவாசல் படலையடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினார். கௌசி உள்ளே கூப்பிடவில்லை, அவளே படலைக்குப் போனாள். நான் கிணற்றடியில் நின்றேன், காது அங்கேதான் இருந்தது.

"கௌசி, இப்ப பச்சை வந்திட்டுது" என்றார் அவர்.

"ஓம், கேள்விப்பட்டன்."

"உம்மடை அண்ணை விட்ட பிழையாம். என்னிலை பிழையில்லைத்தானே?"

"அண்டைக்குச் சிவப்பு வரேக்கை நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அம்மாவுக்கு முன்னாலை என்னத்தைக் கதைக்கிறது? நீர் விளங்கிக்கொள்ளும்."

"அதுக்குப் பிறகு மூண்டு கிழமை. அம்மா பக்கத்திலையே நிண்டவா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"நாளைக்கு வேறை ஆரும் வேறை கணக்குப் போட்டு, திரும்பச் சிவப்பு எண்டு சொன்னால் என்ன செய்வீங்கள்?"

கெட்ட பொடியன் இல்லை தம்பி, எனக்கு அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. "நான் அம்மாவோடை கதைச்சு…" என்று தொடங்கினார். கௌசி முடிக்க விடவில்லை. "வேண்டாம். நீங்கள் நல்லாய் இருங்கோ. எனக்குப் பச்சை வந்த பிறகு வாற ஆள் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்தினாள். சத்தம் போட்டுக்கூடச் சாத்தவில்லை. உள்ளே வந்து மேசையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்தத் தொடங்கினாள். சிவப்புப் பேனையைத் திறந்தவள் அதை மூடி வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, குசினிக்குள் போய்விட்டேன்.

அவள் செய்தது சரியா பிழையா என்று உன் அப்பாவும் நானும் அன்று இரவு முழுக்கக் கதைத்தோம். "கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்" என்றார் அவர். நானும் தாய்தானே, என் பிள்ளைக்கு ஒரு துணை அமைய வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லையா? ஆனாலும் சொல்கிறேன், அவள் சரி. அவளுக்கு அந்தப் பொடியனில் இருந்த விருப்பம் இன்னும் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். விருப்பம் இருக்கத்தக்கதாகச் சாத்தினாள். அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார்.

இனி நான் உன்னிடம் கேட்கிறதைச் சொல்கிறேன். முதலாவது, அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. சமன் குறி போட்டுத் திருத்திவிட்டேன் என்று என்னிடம் வராதே. எங்கள் வீட்டில் கௌசி இருந்தாள், திறந்து பார்த்தாள். அப்படிப் பார்க்க ஆள் இல்லாத எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளைகள் அந்தச் சிவப்பைக் கண்டு உள்ளே போய்ப் படுத்தார்களோ, உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நீ குறியைத் திருத்தினாலும் பெண்பிள்ளை வலப்பக்கத்தில்தான் நிற்பாள், அவள் கூடிவிடக் கூடாது என்றுதான் அது கேட்கும். நவரத்தினத்தார் கோவிப்பார். கோவிக்கட்டும். முந்தநாள் கௌசிக்கு இன்னொரு சம்பந்தம் என்று போனைத் தூக்கிக்கொண்டு வந்தவரைத் தேத்தண்ணியும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். எனக்கு இந்த வயதில் அவரோடு ஒரு பகை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாவதுதான் பெரிது. உன் கலியாணத்துக்குக் கௌசி வருவாள். புதுச்சீலை எடுத்துவிட்டாள், ஷாமினிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று என்னிடம் கேட்டாள். உன்னில் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. "அண்ணை பாவம், வேலை கூட" என்கிறாள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. படலையடியில் நின்ற பொடியனிடம் கேட்டதை அவள் உன்னிடம் கேட்க மாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். அன்று பின்னேரம் உன் தங்கச்சியின் பெயருக்கு நேரே சிவப்பு வந்தது என்று நான் சொன்னபோது, பிழை என்னிலும் இருக்கலாம், ஒரு தரம் திறந்து பார்ப்போம் என்று உனக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியதா? பிரதீபனுக்காவது அந்தக் குறிகள் தெரியாது. அவருக்கு முன்னால் தாய் இருந்தா. உனக்கு முன்னால் யார் இருந்தது? நீ எழுதினதை நீ நம்பினாய். அவளை நம்பவில்லை.

கலியாணத்துக்கு முதல் வா. கொழும்பிலிருந்து ஒரு இரவு பஸ்தான். போனில் வேண்டாம், சிரிக்கிற முகமும் வேண்டாம். வந்து அவளுக்கு முன்னால் இரு. குறி விடுபட்டது என்று சொல்லாதே, "நான் பாக்கேல்லை" என்று சொல். பிரதீபனுக்கு அவள் படலையைச் சாத்தினாள். உனக்குச் சாத்த அவளால் முடியாது. நீ அவளுக்கு அண்ணன், அவளுக்கு இருக்கிறது நீ ஒருவன்தான். அதை வைத்துக்கொண்டு நீ தப்பிவிடாதே.

உன் அம்மா